கட்டற்ற கணினியும் தோட்டத் தமிழரும்

பேராக் மாநிலத்துத் தமிழருக்கு ரப்பரின் சரித்திரத்தை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அச்சரித்திரத்தின் தொடக்கத்தில் உள்ள ஒரு செய்தியை நம்மவரிற் பலர் ஊன்றிக் கவனித்ததில்லை. 1876-ம் வருஷத்தில் ஹென்றி விக்ஹாம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டனிலுள்ள கியூ தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். அவற்றில் முளைத்த கன்றுகளிற் சில மறு வருஷமே சிங்கப்பூர் வந்தன. அங்கிருந்து ஒன்பது கன்றுகள் நம் கோலாகங்சாரில் ஊன்றப்பட்டன. பிறகு வெகு காலம் அம்மரங்களைத் தோட்டக்காரர் எவரும் மதித்தாரில்லை. சிங்கப்பூர்ச் செடித்தோட்டத்துக்கு 1888-ல் தலைவராக வந்த ஹென்றி ரிட்லி, விதைகளைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு கண்டவரிடமெல்லாம் கொடுத்து நடும்படி வேண்டினார். அவர்களோ அவரைப் பைத்தியக்கார ரிட்லி என்று பரிகசித்தார்கள். மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை அவர் ஆராய்ந்து காட்டிய பிறகே அந்த விதைக்கு மதிப்பு உண்டாயிற்று.

இதில் இரண்டு பாடங்கள் அடங்கியிருக்கின்றன. விதை கேட்பாருக்கெல்லாம் கிடைத்தது. ஆனால் வெட்டும் வித்தையைக் கற்றபின்னரே அது பால் கொடுத்தது. இது முதற்பாடம். அவ்வித்தையைக் கற்று, விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரத்துக்கு மரம் ஓடி வெட்டினவர்கள் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும். நிலமும் லாபமுமோ கம்பெனிகளுடையவை. விதை சுதந்தரமாயிருந்தும் மனிதன் சுதந்தரமாயில்லை. இது இரண்டாம் பாடம். இவ்விரண்டையும் மனத்திற் கொண்டு, கணினி உலகில் இன்று மெல்ல நடைபெற்று வரும் ஒரு மாறுதலின் வரலாற்றை ஆராயப் புகுகிறோம். பூட்டி வைக்கப்பட்ட இயங்குதளங்களின் இடத்தைத் திறந்த இயங்குதளங்கள் சிறிது சிறிதாகப் பிடித்து வருவதே அம்மாறுதல்.

பூட்டிய பெட்டியும் திறந்த பெட்டியும்

கணினி தானாக ஒன்றும் செய்ய அறியாத ஒரு பெட்டி. எந்த வேலையை எப்பொழுது செய்வது, எந்தக் கோப்பை எங்கே வைப்பது, யாரை உள்ளே விடுவது என்பவற்றையெல்லாம் அதனுள்ளே இருந்து நடத்துகின்ற புரோகிராமுக்கு இயங்குதளம் என்று பெயர். தோட்டக் காரியாலயத்தில் பெரிய கிராணியார் எவ்வாறோ அவ்வாறே அஃது. செக்ரோலும் அவர் கையில். ஸ்டோர்ச் சாவியும் அவர் கையில். அந்தப் பெரிய கிராணியார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதே நாம் கேட்கத்தக்க கேள்வி.

1990-க்குப் பின் உலகத்து மேசைக் கணினிகளில் மிகப் பெரும்பாலானவை மைக்ரோசாப்ட் கம்பெனியின் விண்டோஸுக்குக் கட்டுப்பட்டன. அக்கம்பெனி செய்த காரியத்தை நாம் குறைத்துச் சொல்ல முன்வரவில்லை. சாதாரண குமாஸ்தாவும் கணினியைத் தொடலாம் என்ற நிலை உண்டானதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அதன் மூலநிரல் பூட்டி வைக்கப்பட்டது. விலை கொடுத்தவன் உபயோகிக்கலாம். பிரித்துப் பார்க்கலாகாது, திருத்தலாகாது, அண்டை வீட்டானுக்கு ஒரு பிரதி கொடுக்கலாகாது. ஒரு மொழிக்கு அதில் இடம் உண்டா இல்லையா என்பதையும் கம்பெனியே தீர்மானிக்கும்.

இம்முறையை எதிர்த்து அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் 1983-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் க்னூ என்னும் இயக்கத்தை அறிவித்தார். ஒரு புரோகிராமை எக்காரியத்துக்கும் ஓட்டுதல், உள்ளே புகுந்து ஆராய்ந்து திருத்துதல், பிறருக்குப் பிரதி வழங்குதல், தான் திருத்தியதைப் பரப்புதல் ஆகிய நான்கும் மனிதனுக்குரிய சுதந்தரங்கள் என்பது அவர் கொள்கை. 1989-ல் அக்கொள்கைக்குச் சட்ட வடிவமாக ஓர் உரிமப் பத்திரமும் வெளியாயிற்று. அதன் சூட்சுமம் யாதெனில், இதனைப் பெற்றுத் திருத்திப் பிறருக்குக் கொடுப்பவன், தான் பெற்ற உரிமைகளையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பதாம். பொதுக்கிணற்றில் நீர் மொள்ளலாம், கிணற்றுக்கு வேலி கட்டலாகாது என்பது போன்ற ஏற்பாடு இது.

1991-ல் பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லீனஸ் டோர்வால்ட்ஸ் ஓர் இயங்குதளத்தின் கருவை எழுதி வெளியிட்டார். மறு வருஷம் அதனையும் இதே உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தார். அதுவே லினக்ஸ். 1996-ல் தொடங்கிய கே.டி.இ., 1997-ல் தொடங்கிய க்னோம் என்னும் இரண்டு முயற்சிகள் அதற்குப் பாமரரும் பழகத்தக்க முகப்பைத் தந்தன. 2004-ம் வருஷம் அக்டோபரில் வெளிவந்த உபுண்டு, கேட்டவர்க்கெல்லாம் உலகத்தின் எம்மூலைக்கும் தன் குறுந்தட்டைத் தபாலில் இலவசமாக அனுப்பி, 2011 வரை அவ்வழக்கத்தை நடத்திற்று.

தமிழ் ஏறிய விதம்

நிற்க. இவற்றிற்கும் தமிழனுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். யந்திரத்தில் தமிழ் ஏறிய வரலாற்றைப் பார்த்தால் அது விளங்கும்.

தமிழ்த் தட்டச்சு யந்திரத்துக்கு விசைகளை ஒழுங்கு செய்தவர் ஆர். முத்தையா. யாழ்ப்பாணத்தில் 1886-ல் பிறந்து, 1907-ல் மலாயாப் பக்கம் வந்து, சிங்கப்பூரில் ஒரு வியாபாரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர். நம் தொழிலைச் சேர்ந்தவர் என்று கிராணிமார் பெருமை கொள்ளலாம். நூற்றுக்கணக்கான தமிழ் எழுத்துக்களைச் சில பத்து விசைகளில் அடக்கும் வித்தையை அவர் தம் சொந்த முயற்சியாற் கண்டார். ஆயினும் அவ்யந்திரத்தை வார்க்க ஜெர்மனியில் ஒரு கம்பெனி இசைய வேண்டியிருந்தது. அறிவு தமிழனுடையது, பட்டறை பிறனுடையது.

கணினிக் காலத்திலும் மலாயாத் தமிழர் பின்தங்கவில்லை. 1985-ல் மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு என்னும் தமிழ்ச் செயலியை உருவாக்கினார்; பிற்பாடு அது முரசு அஞ்சல் என உலகெங்கும் பரவிற்று. எனினும் அக்காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு குறியீட்டைக் கொண்டிருந்தபடியால், ஈப்போவில் தட்டிய கடிதம் சென்னையில் வெறுங் கிறுக்கலாகத் தோன்றும். 1999-ம் வருஷம் பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு விசைப்பலகைக்கு ஒரு பொது ஒழுங்கைக் கண்டது. 2001-ல் அம்மாநாடு கோலாலம்பூரிலும் கூடிற்று. யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீடு நிலைபெற்ற பின்னரே அந்தக் குழப்பம் தீர்ந்தது.

பொதுக் குறியீடும் திறந்த இயங்குதளமும் ஒன்றுசேர்ந்த இடத்தில் ஒரு புதுமை நிகழ்ந்தது. 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் தமிழ்நாடு, ஈழம், சிங்கப்பூர், மலேசியா, மேலைநாடுகள் எனச் சிதறியிருந்த தமிழ் இளைஞர்கள், ஒருவரையொருவர் நேரிற் காணாமலே, லினக்ஸ் முகப்பின் சொற்களை ஒவ்வொன்றாகத் தமிழாக்கினார்கள். இதற்கு அவர்கள் எந்தத் துரையிடமும் அனுமதி கேட்கவில்லை. மூலநிரல் திறந்து கிடந்தது, எழுதிச் சேர்த்தார்கள். இன்று சாதாரண லினக்ஸ் கணினியில் தமிழ் 99 விசை முறையும் வைத்துக்கொள்ளலாம். பழைய தட்டச்சு விசை முறையையும் வைத்துக்கொள்ளலாம். மைக்ரோசாப்டும் பிற்பாடு விண்டோஸுக்குத் தமிழ் முகப்பை வழங்கியது உண்மையே. ஆனால் அது கம்பெனி மனமுவந்து கொடுத்தது; இது தமிழன் தானே செய்துகொண்டது. கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். செய்துகொண்டதை யார் எடுப்பார்?

ஆங்கில வழியிற் கற்ற நம்போன்றார்க்கு இந்த வித்தியாசம் எளிதில் உறைப்பதில்லை. பெட்டியைத் திறந்தால் ஆங்கிலம் தெரிகிறது, படித்துக்கொள்கிறோம். வெளிக்காட்டு வேலை முடித்து வந்து, மகனுடைய பள்ளிப் பாடத்தைக் கணினியிற் பார்க்க விரும்பும் தாயை நினைத்துப் பார்த்தால்தான், திரையில் நிற்கும் ஒரு தமிழ்ச் சொல்லின் பெறுமானம் விளங்கும்.

தமிழ்நாடும் கேரளமும்

திறந்த இயங்குதளத்தைச் சர்க்காரே கைக்கொண்ட இரண்டு உதாரணங்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டில் எல்காட் என்னும் சர்க்கார் மின்னணுக் கழகத்துக்கு 2006-ல் நிர்வாக இயக்குநராக வந்த சி. உமாசங்கர், முதலில் தம் கழகத்துக் காரியாலயக் கணினிகளிலேயே சூசே லினக்ஸை ஏற்றுவித்தார். பின்னர்ப் பள்ளிகளுக்கென வாங்கிய ஏறக்குறைய 30,000 கணினிகளும் லினக்ஸோடு செல்ல ஏற்பாடாயிற்று. அதே 2007-ம் வருஷத்தில் சென்னையில் சீடாக் என்னும் மத்திய சர்க்கார் நிறுவனம் பாஸ் என்ற பெயருடைய இந்திய லினக்ஸை, தமிழ் உட்பட இந்திய மொழிகளோடு வெளியிட்டது. நல்ல தொடக்கம். ஆனால் 2008-ல் அவ்வதிகாரி வேறிடத்துக்கு மாற்றப்பட்டார். 2011-ல் மாணவர்க்கு இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது ஒரே கணினியில் விண்டோஸும் பாஸும் இரண்டும் இருந்தன. இரண்டில் ஒன்று கடைத்தெருவிலும் அண்டை வீட்டிலும் பழகியது. மற்றொன்றைக் கற்பிக்க ஆளில்லை. பிள்ளைகள் எதைத் திறப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

கேரளமோ வேறு வழியிற் சென்றது. அங்கே 2001-ல் தொடங்கிய பள்ளிக் கணினித் திட்டம், சில வருஷங்களில் கட்டற்ற மென்பொருளுக்கு மாறி, தனக்கென ஒரு லினக்ஸை உருவாக்கிக்கொண்டது. அதைக் காட்டிலும் முக்கியமான காரியம், ஆசிரியர்களைப் பயிற்றியது. ஆசிரியர் கற்றார்; பாடப்புத்தகம் அதனை ஒட்டி எழுதப்பட்டது; பரீட்சையும் அதிலேயே நடந்தது. மந்திரிசபைகள் மாறின; திட்டம் மாறவில்லை. 2019-ல் அம்மாநிலத்தின் 2 லட்சம் பள்ளிக் கணினிகளுக்குப் புதிய பதிப்பை ஏற்றியபோது, உரிமச் செலவில் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று கைட் என்னும் அக்கல்வி நிறுவனம் கணக்குக் காட்டியது.

ஓரிடத்தில் ஓர் அதிகாரியின் உத்தரவு, மற்றோரிடத்தில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்களின் கை. உத்தரவு போன பின்பு மரம் வாடிற்று. கை பழகிய இடத்தில் மரம் பால் கொடுக்கிறது. ரிட்லி காலத்துப் பாடமே இது.

நம் நாட்டில் நடந்தது

நம் மலேசிய சர்க்காரும் இவ்விஷயத்தில் முந்திக்கொண்ட நாடுகளுள் ஒன்று. 2004-ம் வருஷம் ஜூலை மாதத்தில், நிர்வாக நவீனத் துறையாகிய மாம்பு, பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை வெளியிட்டது. இருவகை மென்பொருளும் தகுதியிற் சமமாக இருக்குமாயின் திறந்த மூலத்துக்கே முதலிடம் என்பது அதன் கொள்கை. ஆயினும் பின்னறையில் நிற்கும் சர்வர்களில் லினக்ஸ் புகுந்த அளவுக்கு, குமாஸ்தாவின் மேசையில் புகவில்லை.

பிறகு 2013-ல், ஒன் பெஸ்தாரி நெட் திட்டத்தின் வழியே, கூகிள் கம்பெனியின் சேவை ஒரு கோடி மாணவர், ஆசிரியர், பெற்றோருக்கென ஏற்கப்பட்டது. பள்ளிகளுக்குக் குரோம்புக் கணினிகளும் வந்தன. குரோம்புக்கின் அடித்தளம் லினக்ஸ்தான் என்பது பலருக்குத் தெரியாது. அவ்வகையில் திறந்த இயங்குதளம் நம் பிள்ளைகளின் மேசைக்கே வந்துவிட்டது என்று மகிழலாமா? மகிழ்வதற்கில்லை. அடித்தளம் திறந்ததாயினும் மேல்மாடி கம்பெனியுடையது. கணக்கும் கோப்பும் கம்பெனியின் இடத்தில். பூட்டு வேறாயிற்று, சாவி நம் கைக்கு வரவில்லை. 2019-ம் வருஷத்து நடுவில் அத்திட்டமே முடிவுக்கு வந்தது. விதை விலையில்லாதது, தோட்டம் கம்பெனியுடையது என்று மேலே சொன்ன இரண்டாம் பாடத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

மறு வருஷமே கொள்ளைநோய் வந்தது; பள்ளிகள் அடைக்கப்பட்டன; வீட்டிலிருந்து படி என்றார்கள். 2020-ல் கல்வி அமைச்சு ஏறக்குறைய 9 லட்சம் மாணவரிடம் எடுத்த கணக்கில், 36.9 விழுக்காட்டினரிடம் யாதொரு சாதனமும் இல்லை. மேசைக் கணினி உடையவர் நூற்றுக்கு ஆறு பேரே. ரப்பர் போய்ச் செம்பனையாகிவிட்ட நம் தோட்டங்களில், ஒரு கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாறி மாறிப் பிடித்துக்கொண்டு படித்த வீடுகளை நேயர்கள் அறிவார்கள்.

இன்றைய நிலை

இப்பொழுது ஒரு புதிய சந்தர்ப்பம் வந்திருக்கிறது. 2015-ல் வெளியான விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை 2025-ம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதியோடு மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும் புதிய வகைச் செயலியும் உள்ள கணினியையே ஏற்கும். ஆகவே 2017-க்கு முற்பட்ட பெரும்பாலான கணினிகள், உடல் நல்ல நிலையில் இருந்தும், வேலைக்கு ஆகாதவை என்று ஒதுக்கப்படுகின்றன. இருபது வருஷம் பால் தரக்கூடிய மரத்தைப் பட்டையில் ஒரு முத்திரை இல்லை என்று வெட்டிச் சாய்ப்பது போலாகும் இது. ஈப்போவின் காரியாலயங்களிலும் தோட்டத்து ஸ்டோர்களிலும் இத்தகைய பெட்டிகள் அடுக்கடுக்காக இருக்கக் காண்கிறோம். அவற்றிற் பெரும்பாலானவற்றில் லினக்ஸ் தடையின்றி ஓடும்.

உலகமும் இத்திசையில் மெல்ல நகர்கிறது. ஸ்டாட்கவுண்டர் என்னும் நிறுவனத்தின் கணக்குப்படி, 2024 பிப்ரவரியில் உலக மேசைக் கணினிகளில் லினக்ஸின் பங்கு முதன்முறையாக நூற்றுக்கு நான்கைத் தாண்டிற்று. இந்தியாவில் 2023-லேயே நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருந்தது. ஜெர்மனியில் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநிலம், தன் 30,000 சர்க்கார் கணினிகளைத் திறந்த மென்பொருளுக்கு மாற்றப் போவதாக 2024-ல் அறிவித்தது. அதே ஜெர்மனியில் மியூனிக் நகரம் 2003-ல் தீர்மானித்து, ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றி முடித்து, 2017-ல் மறுபடி விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்ததையும் நாம் மறைக்கவில்லை. இவ்வழி ஏறுமுகமாகவே செல்லும் என்று யாரும் உறுதி கூறவில்லை.

ஆட்சேபனைகள்

விண்டோஸ் தெரியாத பிள்ளைக்கு ஆபீஸில் வேலை யார் கொடுப்பார் என்று ஓர் ஆட்சேபனை உண்டு. ஒரு வண்டியில் ஓட்டப் பழகியவன் மற்றொரு வண்டியை அரைநாளிற் பழகிக்கொள்வான். எழுத்து வேலையும் கணக்கு அட்டவணையும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் பெட்டியின் உள்ளே திறந்து பார்த்துக் கற்றவனுக்கும், பொத்தானை மட்டும் அமுக்கக் கற்றவனுக்கும் சம்பளத்தில் மிகுந்த வித்தியாசம் உண்டு.

தோட்டச் சம்பளப் பட்டியல் போடும் புரோகிராம்களிற் பல விண்டோஸில் மட்டுமே ஓடுகின்றனவே என்பது மற்றோர் ஆட்சேபனை. இது நியாயமானது. நாமும் அத்தகைய புரோகிராமில்தான் மாதந்தோறும் சம்பளப் பட்டியல் போடுகிறோம். ஆகையால் காரியாலயக் கணினியை நாளைக்கே மாற்றுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. பள்ளிக்கும் வீட்டுக்கும் வாசகசாலைக்கும் அந்தக் கட்டு இல்லை என்பதையே சொல்கிறோம்.

இலவசமாகக் கிடைப்பது உருப்படியாக இராது என்று சொல்வாரும் உளர். இன்று உலகத்தின் மிகப் பெரிய 500 கணக்கீட்டு யந்திரங்கள் அனைத்தும் 2017 முதல் லினக்ஸிலேயே ஓடுகின்றன. கோடீசுவரக் கம்பெனிகளுக்குப் போதுமானது தோட்டத்துப் பிள்ளைக்குப் போதாது என்றால், அது விலையைக் கண்டு மதிப்பிடும் மூடப்பழக்கமேயன்றி வேறன்று.

செய்யத்தக்கது

பேராக்கில் 130-க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பள்ளியையும் சுற்றி ஒரு கிராணியோ, ஓர் ஆசிரியரோ, கல்லூரி மாணவரோ இல்லாத ஊர் இல்லை. சுங்கை சிப்புட்டிலோ, தாப்பாவிலோ, பாகான் செராயிலோ, ஓர் ஊருக்கு இரண்டு பேர் முன்வந்தாற் போதும். சிறு விரற்கடை அளவுள்ள யூ.எஸ்.பி. துண்டில் லினக்ஸை ஏற்றி, பெட்டியில் உள்ளதை அழிக்காமலே ஓட்டிப் பார்க்கலாம். எழுத்தும் ஒலியும் இணையமும் சரியாக வருகின்றனவா என்று சோதித்த பிறகு நிலையாக ஏற்றலாம். ஒதுக்கிய பெட்டிகளைக் கேட்டு வாங்கி, பழைய கோப்புக்களைத் துடைத்து, தமிழ் முகப்போடு பிள்ளைகளிடம் கொடுக்கலாம். கொடுப்பதோடு நில்லாமல், வாரம் ஒரு மணி நேரம் உடனிருந்து கற்பிக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் தமிழ்நாட்டு மடிக்கணினியின் கதையே இங்கும் நடக்கும்.

அதற்கு மேலும் ஒரு படி உண்டு. முகப்பில் இன்னும் தமிழாகாத சொற்கள் இருக்கின்றன. பொருந்தாத தமிழாக்கங்களும் இருக்கின்றன. அவற்றைத் திருத்த நம் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி பீடோரில் உட்கார்ந்துகொண்டு ஒரு சொல்லைத் திருத்தினால், மற்றத் தொண்டர்கள் அதனைப் பரிசீலித்து ஏற்றுக்கொண்ட பின்பு, அடுத்த பதிப்பில் யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் அதே சொல் தோன்றும். நம் பாட்டியார் தாம் வெட்டிய பால் எந்தத் தேசத்து வண்டிக்குச் சக்கரமாயிற்று என்று அறியாமலே மறைந்தார். இந்தப் பெண்ணுக்குத் தான் செய்தது இன்னதென்று தெரியும். அதில் தனக்குள்ள பாத்தியமும் தெரியும்.

விதை வந்து சேர்ந்திருக்கிறது. இம்முறை அதனோடு நிலமும் வந்திருக்கிறது. வெட்டக் கற்றுக்கொள்ள வேண்டியதே பாக்கி. அதற்கு எந்தத் துரையின் உத்தரவுக்கும் காத்திராமல், வருகின்ற பள்ளி விடுமுறையிலேயே ஒவ்வோர் ஊரிலும் ஒரு பெட்டியையாவது திறந்து தொடங்குமாறு நம் கிராணிமாரையும் ஆசிரியரையும் இளைஞரையும் கேட்டுக்கொள்கிறோம்.